செலுத்திய மரபணு ஏன் முடங்குகிறது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். லென்டிவைரஸ் (தன் மரபணுவைச் செல்லின் குரோமோசோமில் ஒட்டிவிடும் ஒரு வைரஸ் வகை) மூலம் மனிதச் செல்களுக்குள் பச்சை ஒளிர் புரதத்தின் மரபணுவைச் செலுத்தினீர்கள். முதல் வாரம் 90 சதவீதச் செல்கள் ஒளிர்ந்தன, ஐந்தாம் வாரம் பாதிக்கு மேல் இருண்டுவிட்டன. கேட்டவர்கள் எல்லோரும் “எபிஜெனெடிக் முடக்கம்”, அதாவது டிஎன்ஏவின் எழுத்து மாறாமலே மரபணு அணைந்துபோவது, என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். நம் மரபணுத்தொகுதியில் படிந்து கிடக்கும் பழைய வைரஸ்களையும் தாவும் மரபணுக்களையும் செல் அடக்கிவைப்பது இதே வழியில்தானா, எது அயல் எது சொந்தம் என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. முடக்க வேண்டியதைச் செல் எப்படி அடையாளம் காண்கிறது என்பது ஒன்று. ஒருமுறை முடக்கியதைப் பல தலைமுறைச் செல் பிரிவுகள் கடந்தும் எப்படி மறக்காமல் வைத்திருக்கிறது என்பது மற்றொன்று. இவற்றைப் பிரித்துப் பார்த்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். சுருக்கமான விடை: ஆம், உங்கள் மரபணுவை முடக்கியது பெரும்பாலும் அதே இயந்திரம்தான். ஆனால் செல்லுக்கு “அயல்” என்று ஒன்று தெரியாது. சில அடையாளங்கள்தான் தெரியும். உங்கள் மரபணு அந்த அடையாளங்களில் ஒன்றைச் சுமந்துகொண்டு உள்ளே போயிருக்கிறது.

செல் எவ்வளவு பெரிய கூட்டத்தை அடக்கிவைத்திருக்கிறது என்று பாருங்கள். மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ பாதி, தாவும் கூறுகளும் அவற்றின் சிதைவுகளும்தான். அதில், தம் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிக் குரோமோசோமில் ஒட்டும் ரெட்ரோவைரஸ்களின் பழைய எச்சம் மொத்தத் தொகுதியில் 8 சதவீதம். முழு வைரஸாக மீண்டு எழக்கூடிய பிரதி ஒன்றுகூட மனிதரில் இதுவரை கண்டறியப்படவில்லை. இன்றும் தானாகத் தாவிக்கொண்டிருப்பது லைன்-1. அது சுமார் 5 லட்சம் பிரதிகளாக மரபணுத்தொகுதியில் 17 சதவீதத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. முழுநீளப் பிரதி 6,000 எழுத்து (டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி என்ற அலகுகள்) இருக்கும். பெரும்பாலானவை முன்பகுதி அறுந்த துண்டுகள், தாவும் திறனுள்ளவை ஒருவருக்கு 80 முதல் 100 வரைதான். முழுநீளப் பிரதியில் இரண்டு புரதங்களுக்கான வரிசை உண்டு. இரண்டாவது புரதமே குரோமோசோமை வெட்டவும் செய்யும், ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதவும் செய்யும். ஆலு என்ற 300 எழுத்துக் குட்டிக் கூறு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாகப் பரவியிருக்கிறது. அதற்குச் சொந்தப் புரதம் கிடையாது, லைன்-1-இன் இயந்திரத்தை இரவல் வாங்கித்தான் தாவுகிறது. இது வெறும் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1988-இல் ஹீமோஃபிலியா நோயாளிகள் இருவரிடம், இரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணியின் மரபணுவுக்குள் லைன்-1 புதிதாகப் புகுந்திருந்தது தெரியவந்தது. அதன்பின் இத்தகைய தாவல்களால் நேர்ந்த நோய்கள் நூற்றுக்கும் மேல் பதிவாகியுள்ளன.

முடக்கம் என்பது பொருளளவில் என்ன? டிஎன்ஏ 147 எழுத்துக்கு ஒரு குவை என்ற கணக்கில் ஹிஸ்டோன் புரதக் குவைகளைச் சுற்றியிருக்கிறது. அந்தக் குவையில் எச்3 என்ற ஹிஸ்டோனின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலின் 9-ஆவது இடத்தில் உள்ள லைசினில் மூன்று மெத்தில் குழுக்கள் ஏறினால், எச்பி1 போன்ற புரதங்கள் வந்து ஒட்டி, அந்தப் பகுதி இறுகிப்போகிறது. டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ எழுதும், அதாவது படியெடுக்கும், நொதிக்கு வழி அடைபடுகிறது. இந்தக் குறியை எழுதும் நொதிகளில் இங்கே முக்கியமானது செட்டிடிபி1. இரண்டாவது பூட்டு டிஎன்ஏவிலேயே விழுகிறது. சி எழுத்தை அடுத்து ஜி வரும் இடங்களில் சி-யின்மேல் ஒரு மெத்தில் குழு ஏறுகிறது. லைன்-1-இன் முன்பகுதியில் சுமார் 900 எழுத்து நீளத்துக்கு இருக்கும் தொடக்கி (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் பகுதி) இத்தகைய இடங்கள் செறிந்தது. சாதாரண உடல் செல்களில் அது நன்றாக மெத்திலேறியே கிடக்கும்.

இரண்டு பூட்டுகளுக்கும் நினைவாற்றல் ஒன்றல்ல. செல் பிரியும்போது டிஎன்ஏ இரட்டிக்கிறது. பழைய இழையில் மெத்தில் இருக்கும், புது இழையில் இருக்காது. இந்த அரைகுறை நிலையை யுஎச்ஆர்எஃப்1 என்ற புரதம் கண்டுகொண்டு டிஎன்எம்டி1 நொதியை அழைத்துவரும். அது புது இழையிலும் அதே இடத்தில் மெத்திலை ஏற்றிவிடும். இதில் நகலெடுக்கும் தர்க்கம் டிஎன்ஏவின் இரட்டை இழையிலேயே இருக்கிறது. ஹிஸ்டோன் குறிக்கு அப்படியொரு அச்சு இல்லை. பழைய ஹிஸ்டோன்கள் இரு மகள் இழைகளுக்கும் பங்கிடப்படுவதால் ஒவ்வொரு பிரிவிலும் குறி பாதியாக நீர்த்துப்போகும். குறியைப் படிக்கும் புரதமே எழுதும் நொதியையும் இழுத்துவந்து பக்கத்துக் குவைகளில் எழுத வைத்தால்தான் அது நிலைக்கும். வேண்டிய டிஎன்ஏ இடத்தைத் தேடிப்போய் ஒட்டி மரபணுக்களை முடக்கும் கிரிஸ்பர் கருவிகள் இந்த வேறுபாட்டைப் பளிச்சென்று காட்டின. ஹிஸ்டோன் குறியை எழுத வைக்கும் கிராப் பகுதியை மட்டும் ஒரு மரபணுவிடம் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து எடுத்துவிட்டால், மரபணு பெரும்பாலும் திரும்ப விழித்துக்கொள்கிறது. அதோடு, டிஎன்ஏவில் புதிதாக மெத்திலை ஏற்றும் டிஎன்எம்டி3ஏ, அதற்குத் துணையான டிஎன்எம்டி3எல் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பினால், கருவி போன பிறகும் முடக்கம் தங்குகிறது. 2021-இல் வெளியான கிரிஸ்பர்ஆஃப் ஆய்வில் அது ஏறத்தாழ 450 செல் பிரிவுகள் தாண்டியும் நீடித்தது. அடையாளம் காண்பதும் நினைவில் வைப்பதும் தனித்தனி வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தோன்றவில்லை.

இனி அடையாளம் காணும் வழிகளுக்கு வருவோம். மிகப் பழையதாகத் தெரிந்த வழி, வரிசையைப் பார்த்துப் பிடிப்பது. மொலோனி என்ற எலி ரெட்ரோவைரஸ், வளர்ந்த செல்களில் தாராளமாகப் பெருகும், கரு ஸ்டெம் செல்களில் மட்டும் நுழைந்து ஒட்டிக்கொண்டு ஊமையாகிவிடும். ஏன் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் காஃப் குழு 2007-இல் ட்ரிம்28 என்ற புரதத்தையும், 2009-இல் அதை வைரஸின்மேல் உட்காரவைக்கும் இசட்எஃப்பி809-ஐயும் கண்டுபிடித்தது. அது பிடிக்கும் இலக்கு, வைரஸ் தன் தலைகீழ்ப் படியெடுப்பை (ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ எழுதுவதை) தொடங்க, செல்லின் டிஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ வந்து ஒட்டும் 18 எழுத்து இடம். வைரஸால் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத இடமாகப் பார்த்துச் செல் கைவைத்திருக்கிறது! இசட்எஃப்பி809 தனி ஆள் அல்ல. துத்தநாக அயனியைப் பிடித்த விரல்போன்ற மடிப்புகளை வரிசையாகக் கொண்ட இத்தகைய கிராப் புரதங்கள் மனிதரில் 350-க்கும் மேல் உண்டு. ஒவ்வொரு விரலும் ஏறத்தாழ மூன்று எழுத்துகளைத் தொடும். விரல்களின் சேர்க்கை மாறினால் இலக்கும் மாறும். கிராப் பகுதி ட்ரிம்28-ஐ அழைக்கும், ட்ரிம்28 செட்டிடிபி1-ஐ அழைக்கும், குறி விழும். 2010-இல் எலிக் கரு ஸ்டெம் செல்களில் ட்ரிம்28-ஐ நீக்கியபோது உள்ளுறை ரெட்ரோவைரஸ்கள் கூட்டமாக விழித்தெழுந்தன.

இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. புதிதாக வரும் கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு புரதம் பரிணமிக்க வேண்டும், அதற்குப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும். இசட்என்எஃப்93 என்ற புரதம் நம் முன்னோரின் லைன்-1-இல் ஓர் இடத்தைப் பிடித்து முடக்கிவந்தது. பின்னால் வந்த லைன்-1 வகைகள் அந்த 129 எழுத்துத் துண்டையே உதிர்த்துவிட்டுத் தப்பின. இது 2014-இல் செய்துகாட்டப்பட்டது, சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஆனால் இந்த ஒன்றிலிருந்து “350 புரதங்களும் வைரஸ்களோடு நடந்த போரின் ஆயுதங்கள்” என்று பொதுமைப்படுத்துவதை நான் ஏற்கத் தயங்குகிறேன். பல கிராப் புரதங்கள் கோடி ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போன கூறுகளின்மேல் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. செத்த பாம்பை அடிக்க யாருக்கும் கம்பு தேவையில்லை. அந்த இடங்களை அருகிலுள்ள சொந்த மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் பொத்தான்களாகச் செல் பயன்படுத்திக்கொண்டது என்ற விளக்கமும் உண்டு. இரண்டும் வெவ்வேறு புரதங்களுக்குப் பொருந்தலாம். எதற்கு எது என்பது இன்னும் ஒவ்வொன்றாகத்தான் தெளிவாகிவருகிறது.

உங்கள் பிரச்சினைக்கு நேராகத் தொடர்புள்ளது இரண்டாவது வழி. கேம்பிரிட்ஜில் பால் லேனர் குழு 2015-இல், முடங்கிப்போன ஒளிர் மரபணு எந்தெந்தப் புரதம் இல்லாவிட்டால் திரும்ப ஒளிர்கிறது என்று தேடியது. நீங்கள் பார்த்த அதே காட்சியைத்தான் அவர்கள் சோதனையாக மாற்றினார்கள். சிக்கியது டாசர், எம்பிபி8, பெரிஃபிலின் என்ற மூன்று புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டு. அதற்கு ஹஷ் என்று பெயரிட்டார்கள். எம்பிபி8 எச்3-இன் 9-ஆம் லைசின் குறியைப் படிக்கிறது. பெரிஃபிலின் ஆர்என்ஏவைப் பிடிக்கிறது. கூட்டு செட்டிடிபி1-ஐயும், குரோமாட்டினை (ஹிஸ்டோன்களைச் சுற்றிய டிஎன்ஏவை) இறுக்கும் மோர்க்2-ஐயும் அழைத்துவருகிறது. மரபணுத்தொகுதியில் இதன் முக்கிய இலக்கு இளம் லைன்-1 பிரதிகள் என்பது 2018-இல் உறுதியானது. ஆனால் லைன்-1-ஓடு எந்த ஒற்றுமையும் இல்லாத உங்கள் ஒளிர் மரபணுவை அது ஏன் பிடித்தது? இந்தக் கேள்விக்கு 2022-இல் அதே குழு தந்த விடைதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஹஷ் எழுத்துகளின் வரிசையைப் பார்ப்பதில்லை. இன்ட்ரான் (மரபணுவின் நடுவே வந்து, ஆர்என்ஏவிலிருந்து பின்னர் வெட்டி நீக்கப்படும் துண்டு) இல்லாமல் நீளமாகப் படியெடுக்கப்படும் டிஎன்ஏவைப் பார்க்கிறது.

காரணத்தைக் கொஞ்சம் யோசித்தால் இது எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு என்று புரியும். நம் மரபணுக்களில் பெரும்பாலானவற்றில் இன்ட்ரான்கள் உண்டு. படியெடுத்த பிறகு அவை வெட்டி நீக்கப்படும். ரெட்ரோவைரஸானாலும் லைன்-1 ஆனாலும், ஆர்என்ஏ வடிவத்தைக் கடந்து டிஎன்ஏவாகத் திரும்பி எழுதப்படுபவை. அந்தப் பாதையில் வந்தவற்றில் பொதுவாக இன்ட்ரான் மிஞ்சாது. ஆகவே இன்ட்ரான் இல்லாத நீண்ட வரிசை என்பது, தலைகீழ்ப் படியெடுப்பில் பிறந்தது என்பதற்கான பிறவி அடையாளம். இதுவரை எந்தச் செல்லும் கண்டிராத புதுக் கூறைக்கூட முதல் நாளே பிடித்துவிடலாம், பரிணாமம் புதிதாக எதையும் கற்றுத் தர வேண்டியதில்லை. நீளம் ஏறத்தாழ 1,500 எழுத்தைத் தாண்டும்போது ஹஷ் நன்றாகப் பிடிக்கிறது. படியெடுத்த ஆர்என்ஏவில் ஏ எழுத்து மிகுந்திருந்தால் பிடி இன்னும் இறுகுகிறது. லைன்-1 அப்படிப்பட்டது. இதில் முரண்போலத் தெரியும் ஒன்று உண்டு. முடக்குவதற்கு முதலில் அது படியெடுக்கப்பட வேண்டும். வாயே திறக்காத கூறை ஹஷ் கண்டுகொள்வதில்லை, பேசத் தொடங்கியதும்தான் வந்து வாயைப் பொத்துகிறது. இன்ட்ரான் இருந்தால் ஏன் தப்பிக்கிறது என்பதன் நுண்விவரம் இன்னும் தீர்ந்தபாடில்லை. வெட்டி ஒட்டும் இயந்திரம் ஆர்என்ஏவின்மேல் ஏறிக்கொள்வதால் பெரிஃபிலினுக்கு இடம் கிடைக்காமல் போகிறது என்பது பொருத்தமான ஊகம்தான், நிறுவப்பட்டதாகச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது இனச்செல் வழிச் செல்களுக்கு உரியது, உங்கள் வளர்ப்புச் செல்களில் இல்லாதது. கருவில் இனச்செல்களின் முன்னோடிகள் உருவாகும்போது டிஎன்ஏவின் மெத்தில் குறிகள் ஏறத்தாழ முழுவதும் துடைக்கப்படுகின்றன. பூட்டுகள் கழன்ற அந்த நேரத்தில் 24 முதல் 31 எழுத்து நீளமுள்ள பிஐ-ஆர்என்ஏக்கள், தாவும் கூறின் ஆர்என்ஏவோடு இணைசேர்ந்து அதைக் கண்டுபிடிக்கின்றன. பிவி வகைப் புரதங்கள் அதை வெட்டுவதோடு, அந்த இடத்தில் புதிதாக மெத்தில் ஏறவும் வழிகாட்டுகின்றன. ஆண் எலிகளில் டிஎன்எம்டி3எல் இல்லாவிட்டால் தாவும் கூறுகள் விழித்து, விந்தாக்கம் குன்றல் பிரிவின் நடுவிலேயே நின்றுபோகிறது. 2004-இல் வந்த சான்று இது. நாம் அறிந்ததில் பெரும்பகுதி எலியில் கிடைத்தது. மனிதக் கருவில் அதே சோதனையைச் செய்ய முடியாதாகையால் மனிதருக்கு அப்படியே பொருத்திப் பேசும்போது கொஞ்சம் கவனம் வேண்டும்.

வெளியிலிருந்து வரும் வைரஸ்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதலில் ஓர் எல்லைக்கோடு: டிஎன்ஏ வடிவில் உட்கருவுக்குள் வந்து ஹிஸ்டோன்களைச் சுற்றிக்கொள்ளும் வைரஸ்களுக்கே இதுவெல்லாம் பொருந்தும். கொரோனா, டெங்கு போன்றவற்றின் மரபுப்பொருள் கடைசிவரை ஆர்என்ஏதான். அங்கே குரோமாட்டின் இல்லை, மெத்திலேற்றும் பூட்டுக்கு மாட்ட இடமும் இல்லை. டிஎன்ஏ வைரஸ்களிடமோ செல்லுக்கு மேலும் ஓர் அடையாளம் கைவசம் இருக்கிறது. குரோமோசோமோடு ஒட்டாமல் தனியாக மிதக்கும் டிஎன்ஏவை எஸ்எம்சி5/6 என்ற கூட்டு பிடித்து முடக்குகிறது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் 3,200 எழுத்து வட்ட டிஎன்ஏ கல்லீரல் செல்லில் இப்படித்தான் சிக்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த வைரஸின் எக்ஸ் புரதம், செல்லின் சொந்தக் குப்பை அகற்றும் ஏற்பாட்டைத் திருப்பிவிட்டு எஸ்எம்சி5/6-ஐயே சிதைக்க வைக்கிறது. 2016-இல் இது வெளிப்பட்டபோது, எக்ஸ் புரதம் எதற்கு என்ற பல ஆண்டுக் கேள்விக்கு விடை கிடைத்தது. எச்ஐவி-2-இன் விபிஎக்ஸ் புரதம் ஹஷ் கூட்டைச் சிதைக்கிறது. ஹெர்பிஸ் வைரஸின் ஐசிபி0, நுழைந்த டிஎன்ஏவைச் சூழ்ந்துகொள்ளும் பிஎம்எல் புரதங்களைச் சில மணிநேரத்தில் கலைத்துவிடுகிறது. ஒரு தடுப்பு உண்மையிலேயே வைரஸுக்கு வலிக்கிறதா என்று அறிய எனக்கு நம்பகமான உரைகல் இதுதான்: அதை உடைக்கவென்றே வைரஸ் ஒரு கருவியைச் சுமக்கிறதா என்று பார்ப்பேன். சிறிய மரபணுத்தொகுதியில் வீண் சுமைக்கு இடம் கிடையாது.

முடக்கம் எப்போதும் நமக்குச் சாதகம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்ஐவி-1 தொற்றியவரின் ஓய்வு நிலை டி-செல்களில் சில, வைரஸின் முழுப் பிரதியைக் குரோமோசோமில் சுமந்தபடி அமைதியாக இருக்கின்றன. மருந்தும் நோயெதிர்ப்பும் அவற்றைக் காண்பதில்லை. இந்தக் கிடங்கு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகின்றன, அதனால்தான் மருந்தை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டியிருக்கிறது. வோரினோஸ்டாட் போன்ற ஹிஸ்டோன் மருந்துகளால் வைரஸை எழுப்பிக் கொல்லும் உத்தி முயன்று பார்க்கப்பட்டது. வைரஸ் ஆர்என்ஏ எழுந்தது உண்மை, கிடங்கு குறையவில்லை. இதற்கு நேரெதிராக, மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கிவைத்திருக்கும் அரிதான சிலரிடம், முழுமையான வைரஸ் பிரதிகள் பெரும்பாலும் மரபணுக்கள் அற்ற இறுகிய பகுதிகளில் ஒட்டியிருந்ததை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் ஆழமாகப் பூட்டிவிடலாமே என்ற இன்னோர் உத்தியும் பிறந்தது. எச்ஐவி-1-இன் உறக்கத்துக்கு எபிஜெனெடிக் பூட்டு மட்டும் காரணம் அல்ல. ஓய்வு நிலைச் செல்லில் படியெடுப்பைத் தூண்டும் காரணிகள் குறைவாக இருப்பதும் பெரிய பங்கு. எதன் பங்கு எவ்வளவு என்பதில் செல் வகைக்கேற்ப முடிவுகள் மாறுகின்றன.

முடக்கம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதில் உறுதியும் ஊகமும் அருகருகே கிடக்கின்றன. டெசிடபின் போன்ற மருந்தால் டிஎன்ஏ மெத்திலைக் குறைத்தால், உள்ளுறை ரெட்ரோவைரஸ்களிலிருந்து இரட்டை இழை ஆர்என்ஏ எழுகிறது. செல் தனக்குத் தொற்று வந்துவிட்டதாக எண்ணி, வைரஸ் எதிர்ப்பு எச்சரிக்கையான இன்டர்ஃபெரான் பதிலைத் தொடங்குகிறது. புற்றுச் செல்களில் இது 2015-இல் இரு குழுக்களால் தனித்தனியே காட்டப்பட்டது, உறுதியானது. நோயாளிக்கு அந்த மருந்து பலன் தருவதில் இதன் பங்கு எவ்வளவு என்பது அத்தனை உறுதியானதல்ல. முதுமையடைந்த செல்களில் லைன்-1 விழித்து அழற்சியைத் தூண்டுவது எலிகளிலும் வளர்ப்புச் செல்களிலும் நன்றாகத் தெரிகிறது. “மனித முதுமைக்கே லைன்-1தான் காரணம்” என்ற தலைப்புகளை மட்டும் நம்பாதீர்கள். மூளை நரம்புச் செல்லில் எத்தனை புதுத் தாவல்கள் என்ற எண்ணிக்கையிலேயே, செல்லுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதிலிருந்து பத்துக்கு மேல் என்பது வரை மதிப்பீடுகள் விலகிக் கிடக்கின்றன. ஒற்றைச் செல்லின் டிஎன்ஏவைப் பெருக்கும்போது உருவாகும் போலி இணைப்புகளை உண்மைத் தாவல் என்று எண்ணிவிடுவது இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இப்போது உங்கள் செல்கள். ஒளிர்வு குறைந்ததெல்லாம் முடக்கம் அல்ல, ஆகவே முதல் அளவீட்டை எந்த நாளில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். முதல் வாரத்தில் தெரியும் ஒளிர்வில் குரோமோசோமோடு ஒட்டாத டிஎன்ஏவிலிருந்தும், வைரஸ் கரைசலோடு வந்த மிச்சங்களிலிருந்தும் வருவது கலந்திருக்கும். செல் பிரியப் பிரிய அது தானே நீர்த்துவிடும். 14-ஆம் நாளைத் தொடக்கமாக வையுங்கள். அந்த நாளில் ஒளிரும் செல்களை மட்டும் பிரித்தெடுத்து, அதற்குப் பின் என்ன ஆகிறது என்று பாருங்கள். பிரிக்காமல் வைத்தால், மரபணு ஏறாத 10 சதவீதச் செல்கள் வேகமாக வளர்ந்து கூட்டத்தை நிரப்பியதையே முடக்கம் என்று எண்ணிவிடலாம். அடுத்து, செல்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் தரும் படத்தின் வடிவம். மொத்தக் கூட்டமும் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தால் தொடக்கி வலுவிழந்திருக்கலாம். ஒளிர்வது, இருண்டது என்று இரண்டு மேடாகப் பிரிந்தால் அதுவே குரோமாட்டின் முடக்கத்தின் கையெழுத்து, செல்லுக்குச் செல் ஆம் அல்லது இல்லை என்று நடக்கும். இருண்ட செல்களைப் பிரித்து, அவற்றின் டிஎன்ஏவில் வெக்டரின் (மரபணுவைச் சுமந்துவந்த வைரஸ் டிஎன்ஏவின்) ஒரு துண்டையும் ஆல்புமின் போன்ற ஒரு சொந்த மரபணுவையும் பிசிஆரில் அளந்து, மரபணு இன்னும் இருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

இருக்கிறது என்றால் எந்தப் பூட்டு என்று சோதிக்கலாம். டெசிடபின் 0.3 மைக்ரோமோலார், மூன்று நாள், தினமும் புது ஊடகத்தில் புதிதாகக் கலந்து கொடுங்கள். நீரில் அது விரைவில் சிதைவதால் ஒருமுறை ஊற்றிவிட்டு மூன்று நாள் விட்டால் பயன் இராது. டிஎன்ஏ இரட்டிக்கும்போதுதான் அது உள்ளே ஏறும், ஆகவே தட்டு நிறைந்து பிரிவு நின்ற செல்களில் ஒன்றும் நடக்காது. “டெசிடபின் வேலை செய்யவில்லை” என்று தோன்றுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். செத்த செல்கள் தாமாகவே பச்சையாகத் தெரியும். உயிர்ச்செல் சாயம் ஒன்றைக் கட்டாயம் சேருங்கள், மரபணு ஏறாத செல்களுக்கும் அதே மருந்தைக் கொடுத்து ஒப்பிடுங்கள். வோரினோஸ்டாட் போன்ற ஹிஸ்டோன் டிஅசெட்டிலேஸ் தடுப்பான்களை முதல் சோதனையாக வைக்க வேண்டாம் என்பேன். சிஎம்வி (சைட்டோமெகலோவைரஸிலிருந்து எடுத்த) தொடக்கி முடங்காமல் இருந்தாலும் அவை அதன் வேகத்தை ஏற்றிவிடும், விடை தவறாகப் படிக்கப்படும். ஹஷ்தானா என்று அறிய, டாசர் மரபணுவை கிரிஸ்பரால் நீக்கி 10 முதல் 14 நாள் கழித்து ஒளிர்வைப் பாருங்கள். செட்டிடிபி1-ஐ நீக்கியும் பார்க்கலாம், ஆனால் அது இல்லாமல் பல செல் வகைகள் தாக்குப்பிடிப்பதில்லை. டெசிடபினில் திரும்பினால் தொடக்கியில் விழுந்த மெத்தில் பூட்டு, டாசர் நீக்கத்தில் திரும்பினால் ஹஷ். இரண்டிலும் பாதிப் பாதி திரும்புவதும் உண்டு, ஒரு பூட்டின்மேல் இன்னொன்று ஏறியிருக்கும்.

சிஎம்வி தொடக்கியை வைத்திருந்தால், என் முதல் சந்தேகம் மெத்தில் பூட்டின்மேல்தான். நீண்டகால வெளிப்பாட்டுக்கு ஈஎஃப்1-ஆல்ஃபா தொடக்கி பொதுவாக மேல். அதன் முழு வடிவம் சுமார் 1,200 எழுத்து, அதில் ஓர் இன்ட்ரான் உண்டு. இடம் மிச்சப்படுத்த வெட்டிய குட்டி வடிவத்தில் அந்த இன்ட்ரான் இருக்காது, பிளாஸ்மிட் வரைபடத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள். பச்சை ஒளிர் புரதத்தின் வரிசை 720 எழுத்துதான், தனியாக இருந்தால் ஹஷ்ஷின் கண்ணில் எளிதில் படாது. அதன் பின்னால் மருந்தெதிர்ப்பு மரபணுவும், வெளிப்பாட்டைக் கூட்டச் சேர்க்கும் டபிள்யூபிஆர்இ துண்டும் ஒரே ஆர்என்ஏவாகத் தொடர்ந்தால் 1,500 எழுத்தைத் தாண்டிவிடும். அப்படியானால் நடுவில் ஓர் இன்ட்ரானைச் சேர்ப்பது பலன் தரும். வெறுமனே நேர்திசையில் சேர்த்தால், வைரஸைத் தயாரிக்கும் செல்லிலேயே வைரஸ் ஆர்என்ஏவிலிருந்து அது வெட்டப்பட்டுப் போய்விடலாம். முழுத் தொகுப்பையும் எதிர்த்திசையில் திருப்பி வைத்தால் இன்ட்ரான் பிழைக்கும், ஆனால் எதிரெதிர் ஆர்என்ஏக்கள் இணைவதால் வைரஸ் விளைச்சல் குறையும், கூடுதலாகத் தயாரிக்க வேண்டிவரும். வரிசையை மாற்ற முடியுமென்றால், அமினோ அமிலம் மாறாமல் ஏ எழுத்துகளைக் குறைத்து எழுதிக்கொள்ளலாம். அளவுக்கு மீறி ஜி, சி சேர்த்தால் மெத்திலேறும் இடங்கள் பெருகும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இதே மாதிரிகளில் லைன்-1 விழித்ததா என்றும் அளக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். லைன்-1-இல் இன்ட்ரான் இல்லாததால் ஆர்என்ஏவில் ஒட்டிவந்த துளி டிஎன்ஏவும் அதே பிசிஆர் பட்டையைத் தரும், அதுவும் 5 லட்சம் பிரதிகளிலிருந்து. டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி கொண்டு இருமுறை சுத்தம் செய்யுங்கள், தலைகீழ்ப் படியெடுப்பு நொதி சேர்க்காத குழாய் ஒன்றை ஒவ்வொரு மாதிரிக்கும் ஓட்டுங்கள். அதில் வரும் அளவு நொதி சேர்த்த குழாயின் அளவை நெருங்கினால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள். பிரைமரை (பிசிஆர் எந்த இடத்தைப் பெருக்க வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டை) முன்முனைத் தொடக்கிப் பகுதியில் வையுங்கள். பின்முனையில் வைத்தால், வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் கிடக்கும் லைன்-1 துண்டு அந்த மரபணுவோடு சேர்ந்து படியெடுக்கப்பட்டதைத்தான் பெரும்பாலும் அளப்பீர்கள்.